வெடிக்கும் பொருளா, வெடிக்காத பொருளா? அம்மோனியம் நைட்ரேட் கற்பிக்கும் பாடம்

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள், சென்னையை அடுத்த மணலியிலுள்ள ஒரு சரக்கு நிலையத்திலிருந்து 10 கன்டெய்னர்கள் போலீஸ் காவலுடன் ஹைதராபாத்தை நோக்கிப் புறப்பட்டன. அவற்றில் இருந்தது சுமார் 181 டன் அம்மோனியம் நைட்ரேட். எஞ்சிய சரக்கும் அடுத்தடுத்து அதே வழியில் அனுப்பப்பட்டது.

இச்சரக்கு மணலிக்கு வந்த கதை 2015-இல் தொடங்குகிறது. கரூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் தென்கொரியாவிலிருந்து இறக்குமதி செய்த 740 டன் அம்மோனியம் நைட்ரேட்டை, உரிய அனுமதி இல்லை என்ற காரணத்தால் சுங்கத் துறையினர் அவ்வாண்டில் கைப்பற்றினர். 37 கன்டெய்னர்களில் அது மணலியில் வைக்கப்பட்டது. அவ்வாண்டின் பெருவெள்ளத்தில் ஒரு சிறு பகுதி கெட்டது. 697 டன் எஞ்சியது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. 2020 ஆகஸ்டு 4-ஆம் நாள் லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில், கிடங்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே மணலிச் சரக்கின்மீது அனைவர் பார்வையும் விழுந்தது. மின்வழி ஏலத்தில் அதனை எடுத்திருந்த ஹைதராபாத் வெடிமருந்து உற்பத்தி நிறுவனத்திடம் சேர்ப்பிக்கும் பணி, ஐந்து நாட்களுக்குள் தொடங்கியது.

இந்நிகழ்ச்சி ஒரு கேள்வியை எழுப்புகிறது. ஐந்து ஆண்டுகள் ஒரு தீங்கும் செய்யாமல் கிடந்த பொருள் அபாயமானதா, அன்றா? அபாயமற்றது எனில் இத்தனை அவசரம் எதற்கு? அபாயமானது எனில் அதுகாறும் அமைதியாக இருந்தது எவ்வாறு? ஒரு தொழிற்சாலை இரசாயனம் வெடிக்கக் கூடியதா என்பதை விஞ்ஞானிகள் எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்பதை அறிந்தால், இக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

மூலக்கூறு கூறும் செய்தி

மதிப்பீட்டின் முதற்படிக்கு ஆராய்ச்சிச்சாலை தேவையில்லை; தாளும் எழுதுகோலும் போதும். பொருளின் மூலக்கூறில் என்னென்ன அணுக்கள் எவ்வாறு இணைந்துள்ளன என்று முதலில் பார்க்க வேண்டும். எரியக்கூடிய பகுதியும், எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவும் ஒரே மூலக்கூறில் அமைந்திருந்தால், அப்பொருள் வெளிக்காற்றின் உதவியின்றியே மாற்றமடைய முடியும். நைட்ரேட், நைட்ரோ, பெராக்சைடு, அசைடு முதலிய தொகுதிகள் காணப்பட்டால் எச்சரிக்கை தேவை.

அம்மோனியம் நைட்ரேட்டின் மூலக்கூறில் நைட்ரஜன் அணுக்கள் 2, ஹைட்ரஜன் அணுக்கள் 4, பிராணவாயு அணுக்கள் 3 உள்ளன. அது முழுவதும் சிதைந்தால் நைட்ரஜன் வாயுவும் நீராவியும் உண்டாகின்றன. அதற்குப் பின்னும் பிராணவாயு மிஞ்சுகிறது. மூலக்கூற்று எடை 80. மிஞ்சும் பிராணவாயுவின் எடை 16. எனவே நூற்றுக்கு 20 பங்கு பிராணவாயு உபரியாக உள்ளது. இதனைப் பிராணவாயு மிகுதி எனலாம்.

விளையும் வாயுவின் அளவையும் கணக்கிடலாம். ஒரு கிலோகிராம் திண்மப் பொருள் அரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட இடத்தையே அடைக்கும். அது முழுவதும் வாயுவாக மாறினால், நீரையும் ஆவியாகவே கொண்டு, 0 டிகிரி உஷ்ணநிலைக்கும் சாதாரண அழுத்தத்திற்கும் கணக்கிடுகையில், ஏறத்தாழ 980 லிட்டர் ஆகும். வெடிப்பின்போது நிலவும் பெரும் உஷ்ணநிலையில் இக்கன அளவு இன்னும் பல மடங்காகும். இவ்விரிவு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் நிகழும்போது ஏற்படும் அழுத்த அலையே கட்டடங்களைத் தகர்க்கிறது.

ஆகவே இப்பொருளுக்கு வெடிக்கும் ஆற்றல் உண்டு என்பதைத் தாளிலேயே கண்டுகொள்ளலாம். எனினும் ஆற்றல் உண்டு என்பது வேறு. அது எளிதில் வெளிப்படும் என்பது வேறு. அதே அம்மோனியம் நைட்ரேட்டை உலகெங்கும் உழவர்கள் தழைச்சத்து உரமாகக் கையாண்டுள்ளனர். அதில் நூற்றுக்கு 35 பங்கு நைட்ரஜன் உள்ளது.

சிறு அளவில் ஒரு பரிசோதனை

இரண்டாம் படி, பொருளைச் சிறிது சிறிதாகச் சூடேற்றிப் பார்ப்பதாகும். சில மில்லிகிராம் பொருளை ஒரு சிறு கிண்ணத்தில் இட்டு, நுட்பமான கலோரிமானியில் வைத்து உஷ்ணநிலையைச் சீராக உயர்த்துவர். பொருள் எங்கு வெப்பத்தை ஏற்கிறது, எங்கு வெளியிடுகிறது, எவ்வளவு வெளியிடுகிறது என்பன வரைகோடாகப் பதிவாகும்.

அம்மோனியம் நைட்ரேட்டின் வரைகோடு சுவையானது. 32, 84, 125 டிகிரி அளவுகளில் அதன் படிக அமைப்பு மாறுகிறது. சுமார் 170 டிகிரியில் அது உருகுகிறது. 200 டிகிரிக்கு மேல் சிதைவு விரைவு பெறுகிறது. இங்குதான் பரிசோதகர் ஏமாறக் கூடும். கிண்ணம் திறந்திருந்தால், பொருள் அம்மோனியாவாகவும் நைட்ரிக் அமில ஆவியாகவும் பிரிந்து வெளியேறும். அப்பிரிவு வெப்பத்தை விழுங்கும் மாற்றமாதலால், வரைகோடு பொருள் குளிர்வதையே காட்டும். அதை மட்டும் கண்டவர், இது தீங்கற்றது என்று எழுதிவிடுவார். அதே பொருளை அழுத்தம் தாங்கும் மூடிய கிண்ணத்தில் இட்டுச் சூடேற்றினால், ஆவிகள் வெளியேற வழியின்றி உள்ளேயே வினைபுரிகின்றன. வரைகோடு மேல்நோக்கி எழுந்து பெரும் வெப்பம் வெளிப்படுவதைக் காட்டுகிறது.

பொருள் ஒன்றே, அளவும் ஒன்றே. மூடி ஒன்றுதான் வேறுபாடு. மூடி இருந்ததா, இல்லையா என்பதைக் குறிப்பிடாத பரிசோதனை அறிக்கையினால் பயனில்லை.

அடைப்பின் பங்கு

மூடியின் விளைவைப் பெரிய அளவில் அறிவதற்கென ஐக்கிய நாடுகளின் பரிசோதனைக் கையேட்டில் தனி முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒரு முறையில், எஃகுக் குழாயில் பொருளை நிரப்பி, குறிப்பிட்ட அளவுள்ள துளையையுடைய தகட்டினால் மூடிச் சூடேற்றுவர். துளை பெரிதாயின் வாயுக்கள் வெளியேறிவிடும். எந்த அளவுத் துளையில் குழாய் துண்டு துண்டாகச் சிதறுகிறதோ, அதனைக் கொண்டு பொருளின் கொடுமை அளவிடப்படுகிறது. மற்றொரு முறையில், எஃகுக் குழாயிலுள்ள பொருளின் ஒரு முனையில் வெடியதிர்ச்சியை உண்டாக்கி, அவ்வதிர்ச்சி மறு முனை வரை பரவுகிறதா, இடையிலேயே தணிகிறதா என்று பார்ப்பர்.

அடைப்பின் விளைவை அறியாமையால் நேர்ந்த பெருந்துயரம் அமெரிக்காவின் டெக்சஸ் நகரத்தில் நிகழ்ந்தது. 1947 ஏப்ரல் 16-ஆம் நாள், அத்துறைமுகத்தில் நின்றிருந்த கிராண்ட்காம்ப் என்னும் கப்பலின் அடித்தளத்தில், 2,000 டன்னுக்கு மேற்பட்ட அம்மோனியம் நைட்ரேட் மூட்டைகளிடையே தீப்பற்றியது. தண்ணீர் விட்டால் சரக்கு கெடும் என்று கருதி, அறையின் கதவுகளை அடைத்து உள்ளே நீராவியைச் செலுத்தினர். காற்றில்லாமற் செய்தால் நெருப்பு அணையும் என்பது விறகுக்குப் பொருந்தும் விதி. தன்னுள்ளேயே பிராணவாயுவைக் கொண்ட பொருளுக்கு அது பொருந்தாது. நீராவி உஷ்ணத்தைக் கூட்டியது. அடைத்த கதவுகள் அழுத்தத்தைக் கூட்டின. கப்பல் வெடித்தது. உயிரிழந்தோர் தொகை 580-க்கும் மேல்.

கலப்பும் மாசும்

நான்காவதாகக் கவனிக்க வேண்டியது பொருளின் தூய்மை. அம்மோனியம் நைட்ரேட்டில் பிராணவாயு மிகுதியாக உள்ளது என மேலே கண்டோம் என்றால், அம்மிகுதி எரிபொருள் ஒன்றை எதிர்நோக்கி நிற்கிறது என்பதே அதன் பொருள். எண்ணெய், மரத்தூள், கரித்தூள், மெழுகு, காகிதம் ஆகியவற்றில் எது கலந்தாலும் ஆற்றல் கூடுகிறது, தூண்டுதலும் எளிதாகிறது. நிலக்கரிச் சுரங்கங்களிலும் கற்சுரங்கங்களிலும் இப்பொருள் வெடிமருந்தாகப் பயன்படுவது இத்தன்மையினாலேயே.

சர்வதேசப் போக்குவரத்து விதிகள் இதற்கு ஒரு கோடு வகுத்துள்ளன. எரியக்கூடிய கலப்பு நூற்றுக்கு 0.2 பங்குக்கு மேற்படாத அம்மோனியம் நைட்ரேட், பிறவற்றை எரியச் செய்யும் பொருள் என்ற வகுப்பில் சேர்க்கப்படுகிறது. அதற்கு மேற்பட்டால் வெடிபொருள் வகுப்பிலேயே வைக்கப்படுகிறது. ஒரு டன்னில் 2 கிலோகிராம் என்பது அந்த எல்லை. கிடங்கின் தரையில் சிந்திய எண்ணெயும் கிழிந்த சாக்கின் தூசியும் எளிதில் அவ்வளவைத் தொட்டுவிடலாம்.

எரிபொருள் மட்டுமன்றி, குளோரைடுகள், அமிலங்கள், தாமிரம், குரோமியம் முதலியவற்றின் சேர்க்கைப் பொருள்களும் சிதைவைக் குறைந்த உஷ்ணநிலையிலேயே தொடங்கச் செய்கின்றன. 2001 செப்டம்பர் 21-ஆம் நாள் பிரான்சு நாட்டுத் துலூஸ் நகரில் உரத் தொழிற்சாலைக் கிடங்கு ஒன்று வெடித்து 31 பேர் மாண்டனர். குளோரின் கொண்ட வேறொரு பொருள் தவறுதலாகக் கலந்ததே காரணம் என்ற கருத்தை, 2017-இல் தீர்ப்பளித்த பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது.

காலம் செய்யும் மாற்றம்

புதிதாக வந்த சரக்கில் எடுத்த மாதிரியை ஒரு முறை சோதித்துவிட்டால் போதுமா? போதாது. 32 டிகிரியில் படிக அமைப்பு மாறுகிறது என்பது மேலே கூறப்பட்டது. அம்மாற்றத்தின்போது கன அளவு நூற்றுக்குச் சுமார் 3.5 பங்கு விரிகிறது. குளிர்ந்தால் மீண்டும் சுருங்குகிறது. சென்னை, ஹைதராபாத் போன்ற ஊர்களில் வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டியின் உட்புறம் பகலில் இந்த எல்லையைக் கடப்பதும், இரவில் கீழிறங்குவதும் இயல்பு. பல நூறு முறை விரிந்து சுருங்கிய மணிகள் பொடிகின்றன. ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாக இறுகுகின்றன. ஐந்தாண்டு கழிந்த சரக்கு, இறங்கிய நாளில் இருந்த அதே சரக்கு அன்று. எனவே அதன் பழைய சான்றிதழும் முழுமையாகப் பொருந்தாது.

பழைய அனுபவத்தை நம்பியதன் விளைவை ஜெர்மனியின் ஓப்பாவ் நகரம் காட்டுகிறது. அங்கு அம்மோனியம் சல்பேட்டும் நைட்ரேட்டும் கலந்த உரம் குவிக்கப்பட்டிருந்தது. கட்டியாக இறுகிய குவியலைத் தளர்த்தச் சிறு வெடிகளை வைப்பது அங்கு வழக்கம். ஆயிரக்கணக்கான முறை அவ்வாறு செய்தும் தீங்கு நேரவில்லை. ஆனால் உலர்த்தும் முறை மாறியதால் உரத்தின் ஈரமும் அடர்த்தியும் முன்னினும் குறைந்திருந்தன. 1921 செப்டம்பர் 21-ஆம் நாள் வைத்த வெடியில் குவியலே வெடித்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பன்முறை தப்பியது பாதுகாப்புக்குச் சான்றாகாது. எந்த நிலையில் தப்பியது, அந்நிலை இன்றும் மாறாமல் இருக்கிறதா என்று கேட்பதே முறை.

அளவும் தொலைவும்

ஆராய்ச்சிச்சாலையில் ஒரு கிராம் பொருள் அமைதியாக இருப்பதைக் கொண்டு, கிடங்கில் நூறு டன் அமைதியாக இருக்கும் என்று முடிவு செய்ய இயலாது. பொருளின் உள்ளே தோன்றும் வெப்பம் அதன் கன அளவைப் பொறுத்தது. வெளியேறும் வெப்பம் மேற்பரப்பைப் பொறுத்தது. குவியலின் நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து மடங்கானால், கன அளவு ஆயிரம் மடங்காகும். மேற்பரப்போ நூறு மடங்கே ஆகும். ஆகவே பெருங்குவியலின் நடுவில் தோன்றிய வெப்பம் எளிதில் வெளியேறாது. இக்காரணத்தால் பெருங்குவியல்களைச் சிறு அடுக்குகளாகப் பிரித்து, இடையே வழி விட்டு, காற்றோட்டத்துடன் வைக்க வேண்டும் என்பது விதியாயிற்று.

தொலைவைப் பற்றிய கணக்கு மேலும் கவனத்திற்குரியது. வெடிப்பினால் ஒரு குறிப்பிட்ட சேதம் எவ்வளவு தொலைவு வரை செல்லும் என்பது, பொருளின் எடைக்கு நேர்விகிதத்தில் அமைவதில்லை. எடையின் கனமூலத்திற்கு நேர்விகிதத்தில் அமைகிறது. எடை எட்டு மடங்கானால் தொலைவு இரு மடங்காகும். இதன் மறுபக்கத்தை மக்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. எடை குறைந்தால் தொலைவு அதே அளவில் குறைவதில்லை.

மணலியிலிருந்த 697 டன், பெய்ரூட்டில் இருந்த 2,750 டன்னில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. எனவே அபாயமும் கால் பங்குதான் என்று தோன்றும். கனமூலக் கணக்கு வேறு விடையைத் தருகிறது. இரண்டு இடங்களிலும் முழுச் சரக்கும் ஒரே வகையில் வெடிப்பதாகக் கொண்டால், பெய்ரூட்டில் 1,000 மீட்டர் தொலைவில் நேர்ந்த சேதம், மணலியில் சுமார் 630 மீட்டர் தொலைவில் நேரும். அந்நாட்களில் சரக்கு நிலையத்தைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் குடியிருப்பு இல்லை எனச் சுங்கத் துறை கூறிற்று. சுமார் 700 மீட்டர் தொலைவிலேயே மணலி புதுநகர் இருப்பதைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுட்டிக் காட்டியது. அளவுநாடாவால் தீரக்கூடிய இவ்வேற்றுமை, இரசாயனப் பரிசோதனை எதற்கும் குறையாத முக்கியம் வாய்ந்தது. மக்கள் வாழும் இடத்தை அளவிடாமல் அபாயத்தை மதிப்பிட முடியாது.

சரக்கைப் பிரித்து அனுப்பியதன் பயனும் இதனால் விளங்கும். முதலில் சென்ற சுமார் 181 டன் பகுதியின் அபாய எல்லை முழுச் சரக்கின் எல்லையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகிறது. எனினும் அது பூச்சியமாவதில்லை. 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியில் ஊர்களையும் கடைவீதிகளையும் லாரிகள் கடக்க வேண்டியிருந்தது. அதனால்தான் போலீஸ் காவலும் வெடிபொருள் அதிகாரிகளின் மேற்பார்வையும் தேவைப்பட்டன.

சட்டத்தின் துணை

இந்தியாவில் அம்மோனியம் நைட்ரேட் 2011-இல் வெளியான அறிவிப்பினால் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ்க் கொணரப்பட்டது. 2012-இல் அதற்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. எடையில் நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் கொண்ட கலவைகளுக்கும் அவ்விதிகள் பொருந்தும். நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம் உரிமங்களை வழங்கி மேற்பார்வை செய்கிறது. பெய்ரூட் நிகழ்ச்சிக்குப் பின், 2021-இல் விதிகள் திருத்தப்பட்டன. துறைமுகத்தில் இறங்கும் சரக்கைத் துறைமுக எல்லையிலிருந்து 500 மீட்டருக்கு அப்பாலுள்ள கிடங்குக்கு மாற்றவும், கைப்பற்றிய சரக்கைத் தாமதமின்றி ஏலத்தில் விற்கவும் வழி செய்யப்பட்டது. மணலியில் நேர்ந்த நீண்ட தாமதம் இனி நேராதிருக்க இத்திருத்தம் உதவும்.

ஹைதராபாத்துக்கு ஒரு படிப்பினை

மணலியிலிருந்து வந்த சரக்கு, உரிமம் பெற்ற வெடிமருந்து நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அபாயமான பொருள் என்று யாவரும் அறிந்த ஒன்று, அதனை அறிந்தோரிடம் சேர்ந்தது. ஆனால் பெயரைக் கேட்டவுடன் எவரும் அஞ்சாத பொருள்களும் உண்டு. 2025 ஜூன் 30-ஆம் நாள், ஹைதராபாத்தை அடுத்த பாசமைலாரம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அங்கு உற்பத்தியானது நுண்படிகச் செல்லுலோஸ். மாத்திரைகளில் மருந்தோடு சேர்க்கப்படும் மாவு. நாள்தோறும் மக்கள் உட்கொள்வது.

செல்லுலோஸின் மூலக்கூறில் நைட்ரேட் தொகுதி இல்லை. பிராணவாயு மிகுதியும் இல்லை. தாளில் எழுதிப் பார்த்தால் அது வெடிபொருள் அன்று. எனினும் நுண்ணிய மாவு காற்றில் தக்க அளவில் பரவி, அடைப்பான இடத்தில் ஒரு பொறியைச் சந்தித்தால், காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டே அது வெடிக்க வல்லது. மரத்தூள், சர்க்கரை, கோதுமை மாவு ஆகியவற்றுக்கும் இத்தன்மை உண்டு. ஆதலின் மதிப்பிடுவோர் மூலக்கூறோடு நின்றுவிடாமல், பொருள் கட்டியா, மணியா, மாவா என்றும், தூசி எங்கெங்கே படிகிறது என்றும் காண வேண்டும்.

மருந்து, இரசாயனம், வெடிமருந்து ஆகிய தொழில்கள் நெருங்கி அமைந்துள்ள நகரம் ஹைதராபாத். அங்கு ஒரு புதிய பொருள் தொழிற்சாலைக்குள் வரும்போது, இது வெடிக்குமா என்ற ஒற்றைக் கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று விடை எழுதுவது போதாது. அப்பொருள் எந்த உஷ்ணநிலையில், எவ்வகை அடைப்பில், எதனோடு கலந்து, எவ்வளவு காலம், எவ்வளவு எடையில், எவருடைய வீட்டிலிருந்து எத்தனை மீட்டர் தொலைவில் இருக்கப் போகிறது என்று கேட்க வேண்டும். நிலைமையில் ஒன்று மாறினாலும் விடை மாறக்கூடும். எனவே நிலைமை மாறுந்தோறும் கேள்விகளை மீண்டும் கேட்க வேண்டும்.

மணலியில் ஐந்தாண்டுகள் தீங்கு நேராததற்குக் காரணம், தீ, கலப்பு, கடும் உஷ்ணம் ஆகியவை அச்சரக்கை அணுகாமல் இருந்ததே. அவை அணுகாமற் காப்பதற்கு, அவை எவை என்பதை முன்னரே அறிந்திருப்பது அவசியம். மதிப்பீட்டின் பயன் அதுவே.